பிளாக்பெர்ரிக் கவாத்து: ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு திருத்தக் குறிப்பாக வந்திருக்க வேண்டியது. மொத்தம் நான்கு வரி. ‘கார்த்திகை இதழில் வெளியான பிளாக்பெர்ரி வளர்ப்புக் கட்டுரையில் ஒரு பகுதி விடுபட்டுவிட்டது’ என்று தொடங்கி, வருந்துகிறோம் என்று முடித்திருந்தால் என் வேலை தீர்ந்திருக்கும். ஆசிரியரிடம் கேட்டேன். “திருத்தம் போட்டா மத்த கட்டுரையையும் சந்தேகப்படுவாங்க டீச்சர்” என்றார். பிறகு, எனக்கு உபகாரம் செய்கிற நினைப்பில், “சிறுகதைக்கு நாலு பக்கம் காலியா கெடக்கு. வேணும்னா கதையா எழுதிக் குடுங்க. கதையில என்ன வேணாலும் சொல்லிக்கலாம்” என்றார்.

ஆகவே கதை. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு, விளாங்குடியில் உட்கார்ந்துகொண்டு, அந்த மாத இதழின் தோட்டப் பக்கத்தை எழுதுகிறவள் நான். என் வீட்டில் இருக்கிற தோட்டம் ஒரே ஒரு கற்றாழைத் தொட்டி. அதற்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். பிளாக்பெர்ரிக் கட்டுரையை எழுதிய நாளில் அந்தச் செடியை நான் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே இங்கே படித்ததைத் திரட்டி எழுதினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லியாயிற்று.

அந்தக் கட்டுரையில் நான் வெட்டிய இரண்டு வரியால் ஒரு மனிதருக்குக் கிடைக்க வேண்டிய பழம் கிடைக்காமல் போனது. இன்னொரு மனிதர், தான் செய்யாத தப்புக்காகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவரைத் திரும்ப அழைக்கத்தான் இதை எழுதுகிறேன். அதனால் இதில் எதையும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தொடங்கிக் கைவிட்ட வாக்கியம், அடைப்புக்குறிக்குள் முணுமுணுப்பு, எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். பார்த்து நடந்து வாருங்கள்.

2

முதல் தொடக்கம்: கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் காலை வெயில் மெல்ல

(வேண்டாம். மதுரையில் வெயில் எல்லாம் ஒரு செய்தியா?)

இரண்டாவது தொடக்கம்: பிளாக்பெர்ரி, ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடி. குளிர் தேசத்துச் செடியான இதை நம் ஊர்களிலும்

(இப்படித் தொடங்கித்தான் இந்த வம்பே வந்தது.)

மூன்றாவது தொடக்கம்: ஜலீல் பாய்க்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி தண்ணீர்.

இது பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

3

ஜலீல் பாய்க்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி தண்ணீர். டீ, ரசம், மாத்திரை முழுங்கக் குடிக்கிற மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி காலையில் டயாலிசிஸ். அவர் மனைவி மரியம் பீவி தினமும் விடிந்ததும் ஒரு பழைய சர்பத் பாட்டிலில் அந்த நாளின் தண்ணீரை அளந்து ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிடுவார். மத்தியானம் மூன்று மணிக்கே பாட்டில் காலியாகிவிட்டால், அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டிருந்தார்.

“ஊரு ஒரு மாசம் நோன்பு வைக்குது. எனக்கு வருசம் பூரா” என்பார் ஜலீல் பாய்.

அவர் பழ வியாபாரி. கோரிப்பாளையத்தில் முப்பத்தெட்டு வருடம் கடை வைத்திருந்தார். மாம்பழத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து, எந்த ஊர்த் தோப்பு என்று சொல்கிறவர். இப்போது கடையைத் தங்கச்சி மகன் சிராஜ் பார்த்துக்கொள்கிறான். ஆசுபத்திரியில் உணவுக்கென்று இருக்கும் அம்மாள் ஒரு தாள் கொடுத்தார். இடது பக்கம் சாப்பிடக் கூடாதவை: வாழை, மாம்பழம், சப்போட்டா, ஆரஞ்சு, மாதுளை, இளநீர். ஜலீல் பாய் அதை வாசித்துவிட்டு, “எங் கடை போர்டையே எழுதி வச்சிருக்காக” என்றார். வலது பக்கம், அளவோடு சாப்பிடலாம் என்று நாலைந்து. ஆப்பிள், அன்னாசி இரண்டு துண்டு, இன்னும் ஏதேதோ. கடைசியில் ‘பிளாக்பெர்ரி’ என்று இருந்தது.*

“ஆப்பிள் என்னா பழம்? ஆசுபத்திரிக்குப் போறவன் வெறுங்கையோட போகக்கூடாதுன்னு வாங்குறது. வித்தேன்ல, திரும்பி எங்கிட்டயே வந்துருச்சு” என்றார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “மரியம், இத நான் வித்ததே இல்ல. தின்னதும் இல்ல.”

அதைச் சொன்ன குரலில் ஒரு ஆசை இருந்தது. நோய் வந்ததிலிருந்து அந்தக் குரலை மரியம் பீவி கேட்டிருக்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் பழத்தோடு இருந்த நாக்குக்குத் தெரியாத ஒரு பழம், அதுவும் தின்னலாம் என்று எழுதிக் கொடுத்த பழம். போவதற்குள் அதைத் தின்று பார்க்க வேண்டும் என்று ஜலீல் பாய் நினைத்தார். அந்தப் பேச்சை அவர் வாயால் சொல்லவிடாமல், மரியம் பீவியே முந்திக்கொண்டு, “வளத்துக் குடுக்குறேன்” என்று சொல்லிவிட்டார்.

(கடையில் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு தடவை பெரிய கடை ஒன்றில் பிளாஸ்டிக் டப்பாவில் பத்துப் பழம் கிடைத்ததாம். குளிர்ப்பெட்டியில் எத்தனை நாள் கிடந்ததோ. ஜலீல் பாய் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, “மணமே இல்ல. பழம்னா முதல்ல மணக்கணும்” என்று டப்பாவை மூடி வைத்துவிட்டார்.)

* இது அவருக்காக எழுதிக் கொடுத்த தாள். உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். என் எழுத்தை நம்பி ஏதும் செய்துவிடாதீர்கள். நம்பியவர்களின் கதைதான் இது.

4

கொடைக்கானலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன சிராஜ், திரும்பி வரும்போது மடியில் வைத்து ஒரு கன்றைக் கொண்டுவந்தான். “ரெண்டாம் வருசந்தான் காய்க்குமாம் மாமி” என்றான். பாதியாக அறுத்த நீல டிரம்மில் செம்மண், தேங்காய் நார்த்தூள், மக்கிய ஆட்டு எரு கலந்து மரியம் பீவி அதை மொட்டைமாடியில் நட்டார்.

மாடிக்கு முப்பத்து நான்கு படி. அதை நான் இரண்டு தடவை எண்ணினேன். மரியம் பீவிக்கு ஐம்பத்தாறு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. விடிகாலை சுபுஹு தொழுகையை முடித்ததும் ஒரு வாளி, வெயில் இறங்கினதும் ஒரு வாளி. தண்ணீர் தேங்கவும் கூடாது, காயவும் கூடாது. வெயில் காலத்தில் டிரம் சுட்டு வேர் வெந்துவிடும் என்று டிரம்மைச் சுற்றிச் சாக்கைக் கட்டி அதையும் நனைக்க வேண்டும். மேலே பச்சை வலை. காற்று அடித்தால் வலை கிழியும். வலையைத் தைக்கப் போனால் முள் கையைக் கிழிக்கும். ஜலீல் பாய்க்கு உப்பில்லாத சோறு, செடிக்கு மட்கிய எரு. இரண்டு பேருக்கும் வேளை தவறக்கூடாது. சில நாள் வாளியோடு பதினேழாம் படியில் உட்கார்ந்து, மேலே போவதா கீழே போவதா என்றே தெரியாமல் இருந்திருப்பதாகச் சொன்னார்.

“அதுக்கு ரெண்டு வாளி, எனக்கு ரெண்டு டம்ளர். பேசாம என்னைய அந்த டிரம்முல நட்டு வச்சிரு மரியம்” என்பார் ஜலீல் பாய்.

“நட்டா நீங்க காய்ப்பீங்களாக்கும்” என்பார் இவர்.

அந்த வருடம் முழுக்க ஐந்து கழிகள் வளர்ந்தன. ஆள் உயரம் தாண்டி. அவற்றைத் துணி காயப்போடும் கம்பியில் பழைய புடவைக் கிழிசலால் கட்டிவிட்டார். பூ இல்லை. அடுத்த பங்குனிக்கு வரும் என்று காத்திருந்தார்கள்.

அப்போதுதான் கார்த்திகை இதழ் வந்தது. பழத்தின் பெரிய வண்ணப் படத்தோடு என் கட்டுரை. மரியம் பீவி அதைக் கத்தரித்து, மாடிக் கதவின் உள்பக்கம் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினார்.

5

இனி சின்னான். இந்த ஆளை எப்படிக் கொண்டுவருவது என்று மூன்று நாள் யோசித்தேன். ‘கபடமற்ற உழவர்’ என்று ஒரு தடவை எழுதி, எனக்கே பிடிக்காமல்

சின்னான் திருமங்கலம் பக்கத்து ஆள். ஐம்பது வயது. அவர் அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்றவர். சின்னான் சொந்தமாக நாற்பது சென்ட் வாங்கி மல்லிகை போட்டவர். அவருக்கும் அதே செவ்வாய், வியாழன், சனி. ஜலீல் பாய்க்குப் பக்கத்துப் படுக்கை. நான்கு மணி நேரம், கையில் ஊசியோடு, இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே கிடப்பார்கள். பேச்சு பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான்.

“பாய், இப்ப ஒரு செம்பு மோரு.”

“மோரா? நன்னாரி சர்பத்து மாப்ள. ஐஸ் போட்டு. பெரிய கிளாசு.”

“அம்புட்டையும் குடிச்சா நம்மள பெட்டோட தூக்கிட்டுப் போவாக.”

வெளியே பெஞ்சில் மரியம் பீவியும் சின்னானின் மனைவி ராமக்காளும் உட்கார்ந்திருப்பார்கள். ராமக்காள் மடியில் பூவைக் கொட்டிக் கட்டிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் அதிகம் பேசியதில்லை. ஒருவர் தூங்கும்போது மற்றவர் இரண்டு பைகளையும் பார்த்துக்கொள்வார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னானும் ராமக்காளும் கோரிப்பாளையம் வந்தார்கள். சின்னான் கையில் மல்லிகைக்குக் கவாத்து செய்கிற கத்தரி. கதவில் இருந்த கட்டுரையை ஜலீல் பாய் போனில் படம் பிடித்து முன்னமே அனுப்பியிருந்தார். சின்னானுக்கு எழுத்து சரளமாக வராது. காலேஜில் படிக்கிற மகள் முத்துமீனா வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“மல்லிக்கும் இப்பத்தாங்க்கா. இப்ப வெட்டுனாத்தான் பங்குனில பூ எறங்கும்” என்றார்.

“இது மல்லி இல்லல்ல தம்பி” என்றார் மரியம் பீவி.

“டீச்சரம்மா போட்டிருக்காகளே. மார்கழியில கழிகளைத் தரையோடு வெட்டிவிடவும்னு. முத்துமீனா ரெண்டு தடவ வாசிச்சுச்சு.”

மரியம் பீவிக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஐந்து கழிகளையும் கட்டிவிட்டது அவர் கை. ஆனால் எழுதியவர் படித்தவர், வெட்டுகிறவர் பூவிலேயே பிழைப்பவர். நடுவில் தண்ணீர் ஊற்றுகிறவள் என்ன சொல்ல முடியும்? பிளாஸ்டிக் நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஜலீல் பாய், “வெட்டட்டும் மரியம். அவன் கை பூ அறிஞ்ச கை” என்றார்.

சின்னான் குனிந்து கத்தரியைத் தரையோடு கொண்டுபோனார். நிறுத்தினார். நிமிர்ந்தார். “தரையோட வெட்டக் கை வர மாட்டேங்குது பாய். மல்லிக்கு நாங்க முழங்கால் உயரம் விடுவோம். அந்த அளவுக்கு விட்டுர்றேன்” என்றார்.

(இந்த இடத்தில் கதை எழுதுகிறவளால் முடிந்தது எவ்வளவோ உண்டு. கத்தரி துருப்பிடித்திருக்கலாம். மார்கழி மழை வந்திருக்கலாம். கீழே யாராவது கதவைத் தட்டியிருக்கலாம். அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். எழுதினால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும், அந்தக் கழிகள் ஒட்டிக்கொள்ளாது.)

ஐந்து தடவை கத்தரி சத்தம். மரியம் பீவி கழிகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டினார். இரண்டு நாள் உள்ளங்கையில் முள் இருந்தது.

6

பங்குனி பிறந்தது. மண்ணிலிருந்து புதிதாக மூன்று தளிர் கிளம்பியது. முள் இருந்தது, இலை இருந்தது, பூ இல்லை. மரியம் பீவி தினமும் இரண்டு வாளி ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை, ஊசி ஏற்றி அரைமணி ஆனபோது, கூரையைப் பார்த்துக்கொண்டே ஜலீல் பாய் சொன்னார்: “ஒரு பழம் தின்னுட்டுப் போயிருப்பேன் மாப்ள. அதையும் மொட்டையடிச்சுட்ட.”

(முதல் பிரதியில், “போகுது விடு மாப்ள, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தேன். மரியம் பீவிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். “அவரு அப்படிச் சொல்லல டீச்சர். மொட்டையடிச்சுட்டன்னுதான் சொன்னாரு. வெளிய பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. அவர நல்லவரா ஆக்காதீங்க. சொல்லிட்டு வந்து மூணு நாளு சோறு எறங்காமக் கெடந்தாரு, வேணும்னா அதையும் போடுங்க” என்றார். போட்டுவிட்டேன்.)

சின்னான், “தரையோடன்னுதான் போட்டிருந்துச்சு பாய். நாந்தான் மல்லி நெனப்புல முழங்கால் வச்சு விட்டுட்டேன். சொன்னபடி வெட்டியிருந்தா பூத்திருக்கும். எந் தப்புத்தான்” என்றார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பக்கத்துப் படுக்கையில் வேறு ஒருவர் இருந்தார். சின்னான் திங்கள், புதன், வெள்ளிக்கு மாற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டதாக நர்ஸ் சொன்னார். ஜலீல் பாய் போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. புதிய ஆள் நான்கு மணி நேரமும் போனில் பாட்டுக் கேட்டார். ஜலீல் பாய் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தண்ணீரைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

7

நான் கதைக்குள் வருவது இங்கே. வராமலே முடித்துவிடலாமா என்றும் பார்த்தேன்.

மரியம் பீவி இதழ் அலுவலகத்தில் என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார். கோபமில்லை, களைப்புத்தான். “நீங்க எழுதுன மாதிரி வெட்டுனோம், கொஞ்சம் உயரம் கூடிப்போச்சு. இனி பூக்குமா பூக்காதான்னு வந்து பாத்துச் சொல்ல முடியுமா டீச்சர்?” அடுத்த நாள் பஸ் ஏறிப் போனேன். முப்பத்து நான்கு படி ஏறி, கதவில் ஒட்டியிருந்த என் கட்டுரையை நின்று வாசித்தேன். ‘மார்கழியில் கழிகளைத் தரையோடு வெட்டிவிடவும்.’ முற்றுப்புள்ளி.

என் நோட்டில் அந்த முற்றுப்புள்ளி இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு வரி இருந்தது. பழத்தின் படம் பெரிதாக வேண்டும், கொஞ்சம் குறையுங்கள் என்று ஆசிரியர் கேட்டபோது, சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி, கை போன இடத்தில் அடித்தேன். முப்பத்தோரு வருடம் பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மையால் அடித்த கை அல்லவா, தயங்கவே இல்லை. (அந்த இரண்டு வரியும் கடைசியில் வரும். இந்தத் தடவை வரும்.)

அன்று நான் இதைச் சொல்லவில்லை. ‘பார்ப்போம், பொறுங்கள்’ என்று ஏதோ சொன்னேன். ஜலீல் பாய் எனக்கு ஆப்பிள் நறுக்கித் தரச் சொன்னார். “தின்னுங்க டீச்சர், எனக்கு இது வேணாம்” என்றார். ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

சித்திரை பிறக்கச் சில நாள் இருக்கும்போது மரியம் பீவி மறுபடி கூப்பிட்டார். போனேன். டிரம்முக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சாக்கை விலக்கிக் காட்டினார். வெட்டுப்பட்ட ஐந்து கட்டைகளில் ஒன்றில், முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் ஒரு சின்னக் கிளை. அதில் நான்கு வெள்ளைப் பூ.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் இருந்தது, நான் அடித்தது, அன்றைக்கு ஆப்பிள் தின்றுவிட்டுப் பேசாமல் போனது, எல்லாம்.

மரியம் பீவி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். “எழுதுனவங்களும் மறந்துர்றீங்க. வெட்டுனவங்களும் போயிர்றாங்க. தண்ணி ஊத்துறவ மட்டும் ஒரு நாளும் மறக்க முடியல” என்றார். பிறகு, “அப்ப இது மட்டும் எப்படிப் பூத்துச்சு?” என்று கேட்டார்.

“போன வருசம் வளந்த கழியிலதான் பூ வரும். சின்னான் முழங்கால் அளவு விட்டாருல்ல, அதுல ஒரு கணு தப்பிச்சிருக்கு. நான் எழுதுனபடி தரையோட வெட்டியிருந்தா இதுவும் இல்ல.”

“அப்ப அந்தத் தம்பி உங்க பேச்சக் கேக்காததாலதான் பூத்துச்சு.”

“ஆமா.”

“அவரு கேக்கலையேன்னு வருத்தப்பட்டுல்ல போனாரு” என்றார் மரியம் பீவி. அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிக்கிற தெம்பு இல்லை. “எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவருகிட்டச் சொல்லுங்க.”

8

சொன்னேன். முத்துமீனாவின் நம்பரில் கூப்பிட்டேன், அவள் போனை அப்பாவிடம் கொடுத்தாள். சின்னான் முழுதும் கேட்டார்.

“அச்சுல வந்தது தப்பா இருக்குமா டீச்சர்? எனக்காகப் பெரிய மனசு பண்ணிச் சொல்றீக. நல்லாருங்க” என்றார். போனை மகளிடம் கொடுத்துவிட்டார்.

முத்துமீனா வெளியே வந்து தணிந்த குரலில் பேசினாள். “ஜலீல் பெரியப்பாவும் அம்மா நம்பருக்குப் பேசுனாரு டீச்சர். அப்பா நம்பல. பாவம்னு நெனச்சுச் சொல்றாகங்குறாரு. வாயால சொன்னா நம்ப மாட்டாரு. புஸ்தகத்துல போட்டாத்தான் நம்புவாரு.”

அடுத்த நாள்தான் ஆசிரியரிடம் திருத்தம் கேட்டேன். அவர் சொன்னதை முதல் பகுதியில் எழுதிவிட்டேன்.

9

இனி பழம்.

நான்கு பூவில் மூன்று கத்திரி வெயிலில் கருகிவிட்டன. மரியம் பீவி வலையை இரட்டையாகப் போட்டு, மத்தியானத்திலும் ஒரு நடை ஏறி, நாளுக்கு மூன்று வாளியாக்கி ஒன்றைக் காப்பாற்றிவிட்டார். பச்சையாக இருந்து இப்போது சிவந்திருக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவு. அணிலுக்குப் பயந்து பழைய கொசுவலைத் துண்டில் பை தைத்து மாட்டியிருக்கிறார்.

ஜலீல் பாய் நடுப்படியில் உட்கார்ந்து எழுந்து, இரண்டு நாளுக்கு ஒரு தடவை மேலே வருகிறார். தொடுவதில்லை. முகர்ந்து பார்க்கிறார். “செவப்பு ஏமாத்தும். கறுத்தாலும் பளபளன்னு இருந்தா இன்னும் ஆகல. பளபளப்புச் செத்து மங்கணும். அப்பத்தான் பழம்” என்கிறார். தின்னாத பழத்தைப் பற்றி இவ்வளவும் சரியாகச் சொல்கிறார்.

நேற்று மரியம் பீவி, “கறுத்ததும் பறிச்சுக் குடுத்துர்றேன்” என்றார்.

“அவன் வராம நான் தொட மாட்டேன்.”

“இத்துனூண்டு பழத்துல ரெண்டு பேரா?”

“பாதி பாதி. அவனுக்கும் அதே தாளுதான குடுத்திருக்காக.”

“வரலேன்னா?”

ஜலீல் பாய் கீழே இறங்கத் தொடங்கிவிட்டார். வராவிட்டால் பழம் கனிந்து, கொசுவலைப் பைக்குள் உதிர்ந்து கிடக்கும் என்று மரியம் பீவிக்குத் தெரியும். அவர் பிடிவாதமும் தெரியும். மூன்று வருடமாகக் கணவரின் தாகத்தைப் பார்த்து வந்தவர், இப்போது அதோடு இதையும் பார்க்க வேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்கினார்.

முடிவு (அ): பழம் கறுக்கிறது. சின்னான் வரவில்லை. மரியம் பீவி அதைப் பறித்து ஒரு தட்டில் வைத்துக் கணவர் முன்னால் நீட்டுகிறார். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்

(எழுதப் பிடிக்கவில்லை.)

முடிவு (ஆ): அணில்.

(மதுரையில் எந்தத் தோட்டக் கதையையும் அணில் முடித்துவைக்கும். சோம்பேறிகளுக்கான முடிவு.)

முடிவு (இ): இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி தின்கிறார்கள். ஒரே புளிப்பு. “இதுக்கா பாய் இம்புட்டுப் பாடு” என்கிறார் சின்னான்.

(இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதை நான் எழுதினால் கதைதான் ஆகும். கதையில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆசிரியர் சொன்னாரே, அந்த ரகம். எனக்கு இது நடக்க வேண்டும்.)

10

ஆகவே மற்ற வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். இனி ஒரே ஒருத்திக்கு எழுதுகிறேன்.

முத்துமீனா, இதழ் ஐந்தாம் தேதி கடைக்கு வரும். பழம் கறுத்து மங்க, வெயிலைப் பொறுத்து, அதற்குப் பிறகு மூன்று நாளோ நான்கு நாளோ. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் மரியம் பீவி பேசிவிட்டார். அவருக்குத் திங்கள், புதன், வெள்ளியே சௌகரியமாம், மாற்றிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். உன் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இந்தக் கதை நீளமாகப் போய்விட்டது. பூப் பறித்து முடித்துவிட்டு அலுப்போடு வந்து உட்காருகிறவருக்கு இவ்வளவும் வாசிக்க வேண்டாம். நான் அழுததை விட்டுவிடு. ஆப்பிள் தின்றதையும் விட்டுவிடு. தொடக்கம், முடிவு, அடைப்புக்குறி எதை வேண்டுமானாலும் விட்டுவிடு. கீழே இருப்பதை மட்டும் ஒரு வரி விடாமல், அச்சில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டி, ரெண்டு தடவை வாசி.

திருத்தம்

கார்த்திகை இதழின் பிளாக்பெர்ரிக் கட்டுரையில், ‘மார்கழியில் கழிகளைத் தரையோடு வெட்டிவிடவும்’ என்பதற்குப் பிறகு வந்திருக்க வேண்டிய வரிகள்: காய்த்து முடித்த பழைய கழிகளை மட்டுமே வெட்ட வேண்டும். இந்த வருடம் வளர்ந்த கழிகளைத் தொடக்கூடாது, அவற்றில்தான் பங்குனியில் பூ வரும்.

இதை வெட்டியது கட்டுரை எழுதியவளின் தப்பு. கோரிப்பாளையத்துச் செடியை முழங்கால் உயரம் விட்டு வெட்டியவர் திருமங்கலம் பக்கத்துச் சின்னான். அவர் அப்படி விட்டதால்தான் அந்தச் செடியில் ஒரு பழம் இருக்கிறது. அதில் பாதி அவருக்கு.